எண்ணூர் ரயிலில் ஒரு சிக்குக் கோலம்: கைபேசியில் எழுதிய ஷேடர் பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

எண்ணூரிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் ஓர் இளம்பெண், பயண நேரத்தில் கைபேசியிலேயே கோலம் வரையும் ஷேடர் (திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் சொல்லும் சிறு நிரல்) ஒன்றை எழுதினார். அதில் மூன்று கோளாறுகள் தலைகாட்டின. கட்டத்துக்குக் கட்டம் மாற வேண்டிய வடிவம் மாறவில்லை. திரையின் மேல்பகுதியில் கோடுகள் பல் பல்லாக உடைந்தன. இழைகளின் மேல் வழுக்கிப் போக வேண்டிய வண்ண அலை, சில நிமிடங்கள் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு விட்டு விட்டுக் குதித்தது.

மூன்றுக்கும் வேர் ஒன்றே. அதைக் கண்டுபிடித்த வழியையும், கண்டுபிடித்த பிறகு அந்தக் கோலமே வேறொன்றாக மாறியதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. கைபேசியில் வரைகலை நிரல் பழகும் பிள்ளைகள் பலர் இதே இடத்தில் முட்டிக்கொண்டு, "நம்ம போன் சரியில்ல" என்று விட்டுவிடுகிறார்கள். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

ஆளும் கருவியும்

அவர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் டிடிபி பார்க்கிறார். வீட்டில் கணினி இல்லை. கையில் இருப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், மாலி வகை வரைகலைச் செயலி, 1080க்கு 2400 பிக்சல் திரை. மொபைல் கேம்களுக்கு வரைகலை நிரல் எழுதுவது என் தொழில். நான் ஏறுவது திருவொற்றியூரில். பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனில் ஷேடர் நிரல் ஓடுவதைப் பார்த்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. அப்படித்தான் பழக்கம்.

ஷேடர் எடிட்டர் என்கிற இலவசச் செயலியில் அவர் எழுதுகிறார். எழுத எழுதப் பின்னணியில் படம் ஓடும், பிடித்துப்போனால் அதையே முகப்புத் திரையின் அசையும் படமாக வைத்துக்கொள்ளலாம். இணையம் தேவையில்லை. நிரல் முழுவதும் ஐம்பது, அறுபது வரிக்குள் அடங்கிவிடும், கோப்புகளை அடுக்கிவைக்கும் வேலையும் இல்லை. தண்டையார்பேட்டையில் கூட்டம் ஏறும்போது அப்படியே மூடிவிட்டுக் கொருக்குப்பேட்டையில் திறந்தாலும் விட்ட இடம் மனதில் இருக்கும். ரயிலில் செய்ய இதைவிடத் தோதான நிரல் வேலை எனக்குத் தெரிந்து இல்லை. பிராசஸிங் மொழியும் படம் வரையக் கற்போருக்கு அருமையான வாசல்தான். கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் எம்ஐடி மீடியா லேபில் தொடங்கியது அது. ஆனால் நின்றுகொண்டு ஒரே கட்டைவிரலால் எழுதுபவருக்கு ஷேடரின் சுருக்கம் பெரிய உதவி.

தட்டச்சுதான் சிரமம். ஜிபோர்டு விசைப்பலகையில் அரைப்புள்ளி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சமக்குறியும் நெளி அடைப்புகளும் மூன்றாம் பக்கத்தில். வரி தொடக்கத்தில் தானாகப் பெரிய எழுத்துப் போட்டுவிட்டால் நிரல் உடனே பிழை காட்டும். அவர் தானியங்கிப் பெரிய எழுத்தை அணைத்துவிட்டு, அடிக்கடி வரும் வரிகளுக்கெல்லாம் விசைப்பலகையின் தனி அகராதியில் ஈரெழுத்துச் சுருக்கங்கள் வைத்துக்கொண்டார். இரண்டு எழுத்து தட்டினால் முழு வரியும் பரிந்துரையாக மேலே வந்து நிற்கும். இந்த ஒரு ஏற்பாடே வேகத்தைப் பல மடங்கு கூட்டியது.

முதல் கோலம்

ஷேடர் என்பது திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக ஓடும் சிறு நிரல். பிக்சலுக்குத் தன் இடம் தெரியும், நேரம் தெரியும். அதை வைத்துத் தன் நிறத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிக்சல் என்ன சொல்லிற்று என்று அதற்குத் தெரியாது. அவருடைய திரையில் 25,92,000 பிக்சல்கள். நொடிக்கு 60 படம் என்றால் அந்தச் சிறு நிரல் நொடிக்குப் பதினைந்தரைக் கோடி முறைக்கு மேல் ஓடியாக வேண்டும்.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது கால்வட்ட ஓடுகள். திரையைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மூலைகளைச் சுற்றி இரண்டு கால்வட்டங்கள் போடுவது. எந்த இரு மூலைகள் என்பது கட்டத்துக்குக் கட்டம் தற்செயலாக மாறும். பிரெஞ்சுப் பாதிரியார் செபாஸ்தியன் த்ரூஷே 1704இல் மூலைவிட்டத்தில் இரு நிறமாகப் பிரித்த சதுர ஓடுகளை வைத்து இந்த வகைச் சேர்க்கைகளை ஆராய்ந்தார். கால்வட்ட வடிவத்தை 1987இல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் கொண்டுவந்தார். பார்க்க நெளிக்கோலம் போலவே இருக்கும், ஆகவே அவருக்குப் பிடித்துப்போனது.

தற்செயல் எண்ணுக்கு, ஷேடர் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு வரியைப் போட்டிருந்தார். கட்டத்தின் எண்ணை வைத்துச் சைன் மதிப்பு கண்டு, அதை 43758.5453 ஆல் பெருக்கி, பின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது. நிரலின் தலைப்பில், எங்கோ பார்த்த மாதிரியிலிருந்து எடுத்த ஒரு வரி: எண்கள் எல்லாம் மீடியம்பி (நடுத்தர) துல்லியத்தில் இருக்கட்டும்.

திரையில் வந்ததோ ஒரே திசையில் சாய்ந்த நெளிகோடுகள். ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் வேறாகத் திரும்பியிருந்தன.

சூடா, வேறா?

அவருடைய முதல் சந்தேகம் சூடு. "அக்கா, போன் கொதிக்குது. அதனாலதான் குதிக்குதா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். கைபேசிக்கு விசிறி கிடையாது. வரைகலைச் செயலி காய்ந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலை வெயில் ஜன்னல் வழியே திரையில் விழ, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தார். அதுவும் சூட்டைக் கூட்டும்.

அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்ப்பதுபோல் இன்னொன்றும் நடந்தது. சூட்டைக் குறைக்க, செயலியில் படத்தின் தரத்தைப் பாதியாக்கினார். 540க்கு 1200 என்றால் பிக்சல் எண்ணிக்கை கால்பங்கு, 6,48,000. போன் குளிர்ந்தது. மேல்பகுதியின் பல் பல்லான கோடுகளும் கிட்டத்தட்ட மறைந்தன. ஆக, சூடுதான் காரணம் என்று முடிவுகட்ட எல்லாம் பொருந்தி வந்தது.

பொருந்தாதவை இரண்டு. ஒன்று, ஷேடர் எடிட்டர் மேலே காட்டும் எஃப்பிஎஸ் எண், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கு. வண்ண அலை குதிக்கும்போதும் அந்த எண் இறங்கவில்லை. வரைகலைச் செயலி வேகம் குறைந்திருந்தால் முதலில் விழ வேண்டியது அதுதான். நொடிக்கு அத்தனை படங்கள் வரைந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த படங்கள் ஒன்றுபோலவே இருந்தன.

மற்றது நேரம். நான் ஏறும்போது அலை எப்போதுமே குதித்துக்கொண்டுதான் இருக்கும், சரியாக ஓடி நான் பார்த்ததே இல்லை. எண்ணூரில் ஏறி உட்கார்ந்து திறக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்டேன். "வழுவழுன்னு போகும்க்கா. கத்திவாக்கம் தாண்டினா லேசா இடிக்கும். விம்கோ நகர் வந்தா நல்லாவே குதிக்கும். தண்டையார்பேட்டை வர்றதுக்குள்ள கடிகார முள்ளு மாதிரி நொடிக்கு ஒரு வாட்டி நகருது." நேரம் ஆக ஆகப் படிப்படியாகக் கெடுகிறது. அப்படியானால் சூடு என்றும் சொல்லலாம், நேரத்தைக் குறிக்கும் எண் பெரிதாவதும் காரணமாகலாம்.

இரண்டையும் பிரிக்க எளிய சோதனை இருந்தது. போன் கொதிக்கும்போதே செயலியை முழுதாக மூடித் திறக்கச் சொன்னேன். நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது, அலை வழுவழுவென்று ஓடியது. போன் கையில் சுட்டுக்கொண்டேதான் இருந்தது. சூடு இல்லை என்று அங்கேயே உறுதியாகிவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கடைக் கணினியின் உலாவியில் அதே நிரலை ஓட்டிப் பார்த்தார். மூன்று கோளாறில் ஒன்றுகூட அங்கே இல்லை.

காரணம்

மீடியம்பி என்று அறிவித்த எண்ணை அந்தக் கைபேசியின் வரைகலைச் செயலி 16 பிட்டில் வைத்துக்கொள்கிறது. 1 பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு, 5 பிட் அடுக்குக்கு, 10 பிட் எண்ணின் உடலுக்கு. மேசைக் கணினிகள் அந்த வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் 32 பிட்டிலேயே கணிக்கின்றன. கடையில் சரியாக ஓடியது அதனால்தான்.

உடலுக்கு 10 பிட்தான் என்றால், எண் பெரிதாகப் பெரிதாக அடுத்த எண்ணுக்கான இடைவெளியும் பெரிதாகும். 1க்கும் 2க்கும் நடுவில் இடைவெளி 1024இல் ஒரு பங்கு. 64ஐத் தாண்டினால் 16இல் ஒரு பங்கு. 256க்கு மேல் கால், 512க்கு மேல் அரை, 1024க்கு மேல் முழு ஒன்று. இதை நொடிகளாக வைத்துப் பாருங்கள். முதல் நிமிடம் வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான்கேகால் நிமிடத்துக்குப் பிறகு நேரம் கால் நொடிக்கு ஒருமுறைதான் நகரும். எட்டரை நிமிடத்துக்குப் பிறகு அரை நொடிக்கு ஒருமுறை. பதினேழு நிமிடம் கடந்ததும் நொடிக்கு ஒருமுறை. அவர் நிலையம் நிலையமாகச் சொன்னது அப்படியே இந்தப் படிக்கட்டு. அந்தக் கணக்கை எழுதிக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தான் பார்த்தது சரியாகத்தான் பார்த்திருக்கிறோம் என்கிற மகிழ்ச்சி அது.

மற்ற இரண்டும் இதே கணக்குத்தான். சைன் மதிப்பை 43758.5453 ஆல் பெருக்கினால் விடை பெரும்பாலும் 1024க்கு மேல் போய்விடும். அங்கே எல்லாமே முழு எண், பின்னமே கிடையாது. பின்னப் பகுதியைக் கேட்டால் பூஜ்யம்தான் வரும். நூறு கட்டங்களில் ஒன்றிரண்டுக்குத்தான் பின்னம் மிஞ்சும், அவைதான் வேறாகத் திரும்பியிருந்த கட்டங்கள். பிக்சலின் இடம் கீழிருந்து மேலாக எண்ணப்படுகிறது, ஒவ்வொரு பிக்சலின் மையமும் அரையில் முடியும். 1024க்கு மேல் அந்த அரை தொலைந்து, பக்கத்துப் பிக்சல்கள் ஒரே எண்ணில் போய் விழுகின்றன. 2048க்கு மேல் ஒற்றைப்படை எண்களே இல்லை. ஆகவே திரையின் மேல்பகுதி மட்டும் பல் பல்லாயிற்று. தரத்தைப் பாதியாக்கியபோது உயரம் 1200க்குள் வந்துவிட்டதால் பற்களும் மறைந்தன. அதற்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தமில்லை.

16 பிட் கணக்கு ஏதோ மட்டமானது என்று நினைத்துவிடக் கூடாது. 32 பிட் இடத்தில் இரண்டு எண்களை வைத்து ஒன்றாகக் கணிக்கலாம், மின்சாரமும் மிச்சம். ஒரு வண்ணத்துக்கு 256 படிகள் போதும் என்கிற இடத்தில் 10 பிட் தாராளம். நேரத்துக்கும் இடத்துக்கும்தான் அது போதாது. கைபேசி வரைகலைக்கான பொது விதிமுறையாக 2007இல் வந்த ஓபன்ஜிஎல் இஎஸ் 2.0, பிக்சல் ஷேடரில் ஹைபி (உயர்) துல்லியத்தைக் கட்டாயமாக்கவில்லை. மாலி 400 போன்ற பழைய வரைகலைச் செயலிகளில் பிக்சல் பகுதிக்கு 16 பிட் மட்டும்தான். 2012இல் வந்த 3.0 பதிப்பில்தான் ஹைபி கட்டாயமானது. பழைய மாதிரி நிரல்கள் மீடியம்பி என்று தொடங்குவதற்கு இந்தச் சரித்திரமே காரணம்.

ஆக, திருத்தம் எளிது. ஹைபி இருந்தால் அதை எடுத்துக்கொள் என்று தலைப்பில் ஒரு நிபந்தனை. நேரம், பிக்சலின் இடம், தற்செயல் எண் மூன்றும் ஹைபி. வண்ணக் கணக்கு எல்லாம் மீடியம்பியிலேயே இருந்தது. நேரத்தை ஒரு சுற்றுக்குள் அடக்க மீதி காண்பதாக இருந்தால் அதையும் ஹைபியில்தான் செய்ய வேண்டும். மீடியம்பியில் வந்து சேர்ந்த பிறகு மீதி கண்டு பயனில்லை, தொலைந்தது தொலைந்ததுதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணினி இல்லாததால் போனில் எழுதுகிறோம் என்று அவர் முதலில் கூச்சப்பட்டார். கடைக் கணினியில் எழுதியிருந்தால் இந்தக் கோளாறுகளில் ஒன்றையும் அவர் பார்த்திருக்கவே மாட்டார். கோலத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கைபேசியில்தானே பார்க்கப் போகிறார்கள். எந்தக் கருவியில் படம் ஓடப் போகிறதோ அதே கருவியில் எழுதுவது, என் தொழிலில் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் சோதனை.

அம்மாவின் கேள்வி

திருத்தியபின் ஓடுகள் நன்றாகவே கலைந்து விழுந்தன. வீட்டில் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அம்மா சொன்னது: "இன்னாடி இது, புள்ளியே காணோம். எங்க ஆரம்பிச்சே, எங்க முடிச்சே? இழை தனித்தனியா கீது. இது கோலம் இல்ல."

அம்மா சொன்னது முழுக்கச் சரி. சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு போய்த் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும், ஒரே இழையாக முடிந்தால் இன்னும் சிறப்பு. தற்செயலுக்கு அங்கே இடமில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களை இலக்கண விதிகளால் உண்டாக்கிக் காட்டும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினியியலில் படமொழிகள் என்கிற துறையில் இன்றும் பேசப்படும் வேலை அது, நம் தாம்பரத்தில் நடந்தது. அவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அம்மாகிட்ட விதி கேக்கணும்" என்றார்.

அம்மா போட்டுக் காட்டியது நேர்ப்புள்ளி, 5 புள்ளியில் 7 வரிசை. நெட்டையான கைபேசித் திரைக்கு அழகாகப் பொருந்தியது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழைகள் குறுக்கே வெட்டும், ஓரத்தில் வளைந்து திரும்பும்.

வளைவை நேராக்கிப் பார்த்தால், இது ஒரு செவ்வகத்துக்குள் 45 பாகையில் ஓடி ஓரங்களில் மோதித் திரும்பும் கேரம் காய். கிடைமட்டத்தில் 5 அளவு போய் 5 திரும்ப வேண்டும், 10க்கு ஒரு சுற்று. செங்குத்தில் 14க்கு ஒரு சுற்று. இரண்டும் ஒருசேரத் தொடக்கத்துக்கு வருவது 10, 14 இவற்றின் மீச்சிறு பொது மடங்கில், அதாவது 70இல். ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு அரையளவுத் துண்டுகள், ஆக மொத்தம் 2. 35 புள்ளிகளுக்கும் சேர்த்து இழையின் மொத்த நீளம் 70. ஒரே சுற்றில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது, எனவே ஒற்றை இழை! 6க்கு 4 என்றால் மொத்த நீளம் 48, ஒரு சுற்று 24, ஆகவே இரண்டு இழை. இழைகளின் எண்ணிக்கை எப்போதும் இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் தூங்கி வழிந்த மீ.பொ.கா. இங்கே வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

இந்தக் கணக்கு ஷேடருக்கு இன்னொரு உதவியும் செய்தது. பிக்சலுக்குத் தன் இடம் மட்டுமே தெரியும் என்பதால், இழை ஒன்றா பலவா என்று எந்தப் பிக்சலும் சொல்ல முடியாது. ஆனால் இழையின் மேல் ஓடும் ஒளிப்பொட்டு ஒரு நேரத்தில் எங்கே இருக்கும் என்பதைக் கேரம் காய்க் கணக்கே நேரடியாகக் கொடுத்துவிடுகிறது. கிடைமட்டத்துக்கு ஒரு முக்கோண அலை (சீராக ஏறிச் சீராக இறங்கும் எண்), செங்குத்துக்கு ஒரு முக்கோண அலை, அவ்வளவுதான். அந்த இடத்தை ஹைபியில் கணித்து, ஒவ்வொரு பிக்சலும் தன் தூரத்தைப் பார்த்து ஒளிர்கிறது. பொட்டு 35 புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கு வருகிறது. தற்செயல் எண் வரியை முழுதாக எடுத்துவிட்டார், நிரல் பாதியாகச் சுருங்கிவிட்டது. அம்மா இதை ஒப்புக்கொண்டார்.

இப்போதைய நிலை

முழுத் திரை அளவில், பாதித் தரத்தில், எண்ணூர் முதல் கடற்கரை வரை பொட்டு இடறாமல் ஓடுகிறது. பேசின் பிரிட்ஜ் போகும் வண்டியில் ஏறிவிட்டு அவுட்டரில் வெகுநேரம் நின்ற நாளிலும் இடறவில்லை. பின்னணியைக் கறுப்பாக்கியதில் வெயிலில் கோடுகள் தெளிவாகத் தெரியவில்லை. மாக்கோலத்தின் வெண்மையை இன்னும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது 5க்கு 5. மீ.பொ.கா. 5 என்பதால் ஐந்து தனி இழைகள் வரும். இரண்டு வேறு இழைகள் வெட்டும் இடத்தில், வெட்டாமல் வளைத்து விலக்கிவிட்டால் அவை ஒன்றாகச் சேரும். ஐந்தை ஒன்றாக்கக் குறைந்தது 4 இடம் வேண்டும். ஆனால் கோலத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. அப்படியானால் ஓர் இடத்தை விலக்கினால் அதன் நான்கு திசைப் பிரதிகளையும் விலக்கியாக வேண்டும். எதிரெதிரே இருக்கும் பிரதிகள் இரண்டும் அதே இழைச் சோடியைத்தான் சேர்க்கும். ஆகவே 4 இடம் போதாது, குறைந்தது 8 தேவை. 8 போதுமா, எந்த எட்டு என்பதைக் கடையில் கழிந்த பத்திரிகை அட்டைகளின் பின்புறத்தில் வரைந்து, விரலால் இழையைத் தொடர்ந்து பார்க்கிறார். விலக்கிய இடங்கள் வந்துவிட்டால் முக்கோண அலைக் கணக்கு செல்லாது, பொட்டின் பாதையைப் படிப்படியாகக் கணித்துப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியை நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அட்டை வேலை முடிந்ததும் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.